கல் முளைக்கவில்லை, மண் கரைகிறது

திருவேங்கடம் வட்டாரத்துக் கிராமங்களுக்குப் போகும்போதெல்லாம் விவசாயிகள் தவறாமல் சொல்லும் ஒரு புகார் உண்டு. "வருஷா வருஷம் கல்லைப் பொறுக்கி வரப்பில் போடுறோம். அடுத்த வருஷம் உழுதா மறுபடியும் கல்லு கிடக்கு. எங்க புஞ்சையில கல்லு முளைக்குது சார்" என்பார்கள். வேடிக்கையாகச் சொன்னாலும் அதில் கவலை இருக்கிறது. தாத்தா காலத்தில் மண்வெட்டிக்கு மெத்தென்று இருந்த நிலம், பேரன் காலத்தில் கணீரென்று ஒலிக்கிறது.

கல் முளைப்பதில்லை. கல்லைச் சுற்றியிருந்த மண் போய்விடுவதால் கல் வெளியே தெரிகிறது. கரிசல் நிலத்தில் இன்னொரு காரணமும் உண்டு. அந்த மண் ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கி, உள்ளே கிடக்கும் கல்லைச் சிறிது சிறிதாக மேலே தள்ளும். ஆனால் சரிவான புஞ்சையில், அதிலும் மேல்கோடியில் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு கல் பெருகுமானால், அங்கே மண் கரைந்து ஓடுகிறது என்றே கொள்ள வேண்டும். மண் எப்படி உண்டாகிறது, எப்படிப் போகிறது என்று தெரிந்துகொண்டால், அதை நிறுத்தி வைக்கும் வழியும் விளங்கும்.

மண் எங்கிருந்து வந்தது?

நம் நிலத்து மண் அனைத்தும் ஒரு காலத்தில் பாறையாக இருந்ததுதான். மேற்கே தெரியும் மேற்குத் தொடர்ச்சி மலையும், நமது கிணறுகளின் அடியில் வெடி வைத்து உடைக்கும் பாறையும் மிகப் பழமையானவை. 50 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. மேற்கு மலையில் காணப்படும் கருநிறப் பாறைகளில் பல, பூமிக்கு அடியில் 20 கிலோ மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானவை. அவ்வளவு ஆழத்தில் பிறந்த பாறை இன்று தலைக்கு மேலே மலையாக நிற்கிறது என்றால், அதன் மேலிருந்த சுமை முழுவதையும் மழையும் காற்றும் ஆறுகளும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சுமந்து சென்றுவிட்டன என்றுதானே பொருள்?

இந்த வேலை இரண்டு கட்டங்களாக நடக்கிறது. முதலாவது, பாறை இருந்த இடத்திலேயே உடைந்து மக்குவது. இதனைப் பாறைச் சிதைவு என்கிறோம். இரண்டாவது, அவ்வாறு சிதைந்த பொருளை நீரும் காற்றும் வேறிடத்துக்கு இழுத்துச் செல்வது. இதுவே மண் அரிமானம். முதல் வேலை நமக்கு மண்ணைக் கொடுக்கிறது. இரண்டாவது வேலை அதை எடுத்துக்கொள்கிறது. கொடுப்பது குறைந்து எடுப்பது மிகுந்தால், நிலத்தின் கதி கடன்பட்டவன் வீட்டுக் கதிதான்.

பாறை எப்படிச் சிதைகிறது?

பகல் வெயிலில் பாறையின் மேற்புறம் சூடேறி விரிகிறது. இரவில் குளிர்ந்து சுருங்குகிறது. இப்படி நாள்தோறும் நடப்பதாலும், மேலிருந்த சுமை நீங்கியதாலும் பாறையில் வெடிப்புகள் உண்டாகி, வெங்காயத் தோல் போல ஏடு ஏடாக உரிகிறது. மொட்டைப் பாறைகளில் இதை நேரில் காணலாம். வெடிப்பில் விழுந்த ஆல விதையும் அரச விதையும் முளைத்து, வேர் பருத்துப் பாறையைப் பிளக்கின்றன.

உடைந்தால் மட்டும் பாறை மண்ணாகிவிடாது. அது வெறும் சரளைதான். அதை மண்ணாக்குவது தண்ணீர். மழைநீர் காற்றிலிருந்தும், மண்ணில் மக்கும் இலை தழைகளிலிருந்தும் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு இலேசான அமிலமாகிறது. நாம் குடிக்கும் சோடாவில் இருப்பதும் இதே அமிலம்தான். இந்த நீர் பாறையிலுள்ள பெல்ஸ்பார் என்ற தாதுவை மெல்ல மெல்லக் களியாக மாற்றுகிறது. மாற்றும்போது சாம்பல் சத்து, சுண்ணாம்புச் சத்து முதலியவை விடுபடுகின்றன. இவைதாம் பயிருக்கு உணவு. இரும்புச் சத்துள்ள தாதுக்கள் துருப்பிடித்துச் செம்மை நிறம் தருகின்றன. காக்காப்பொன் என்று நாம் சொல்லும் அபிரகமும் மெல்லச் சிதைகிறது. வெங்கச்சங்கல் மட்டும் எளிதில் கரையாது. அது உடைந்து உடைந்து மணலாக மிஞ்சுகிறது.

ஒரே பாறை, இரண்டு மண்

சங்கரன்கோவிலுக்கு மேற்கே மலையடிவாரத்தை நோக்கிப் போனால் செவலைக் காடுகள். கிழக்கே திருவேங்கடம், குருவிகுளம், கோவில்பட்டி பக்கம் வந்தால் கரிசல். தக்காணத்துக் கரிசல் எரிமலைக் குழம்பு இறுகிய பாறையிலிருந்து வந்தது. நமது கரிசல் அப்படியல்ல. சுண்ணாம்புச் சத்து மிகுந்த நைஸ் வகைப் பாறைகள் சிதைந்து உண்டானது.

மேட்டு நிலத்தில் மழைநீர் இறங்கி வடிந்துவிடுகிறது. அது சுண்ணாம்பையும் பிற உப்புக்களையும் கழுவிக்கொண்டு போக, இரும்பு தங்கிச் செவலாகிறது. தாழ்ந்த, சமமான, மழை குறைந்த நிலத்தில் நீர் எளிதில் வடிவதில்லை. அங்கே சுண்ணாம்பும் மக்னீசியமும் தங்கி, மான்ட்மாரில்லோனைட் எனும் களி உண்டாகிறது. ஈரத்தில் உப்பி, காய்ந்தால் கைநுழையும் அளவுக்கு வெடிக்கும் குணம் கரிசலுக்கு இந்தக் களியால்தான் வந்தது. கரிசலைத் தோண்டினால் கிடைக்கும் சுக்கான் கல்லும் கழுவப்படாமல் தங்கிய சுண்ணாம்பே ஆகும்.

எவ்வளவு காலம் ஆகும்?

நம் பக்கத்தில் இருக்கும் கழுகுமலையைப் பாருங்கள். அங்குள்ள வெட்டுவான் கோவில், கி.பி. எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் ஒரே பாறையில் மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கப்பட்டு, முற்றுப்பெறாமல் நின்றுபோனது. ஏறத்தாழ 1,200 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. இன்றும் சிற்பங்களின் முகத்தையும் அணியையும் நன்றாக அடையாளம் காணலாம். 1,200 ஐப்பசி மழைகள் பெய்தும் அந்தப் பாறை இழந்தது அவ்வளவு சொற்பம்.

மண்ணுக்கு அடியில் ஈரமும் வேரும் இருப்பதால் சிதைவு இதைவிட விரைவாக நடக்கும். அப்படியிருந்தும், ஒரு சென்டி மீட்டர் கனத்துக்கு மண் உண்டாகச் சில நூறு ஆண்டுகள் முதல் ஆயிரம் ஆண்டு வரை பிடிக்கும். நம் கணக்கில் மண் என்பது ஒருமுறை கிடைத்த சொத்து. போனால் நம் பேரன் பேத்தி காலத்திலும் திரும்பாது.

மழைத்துளி செய்யும் வேலை

அரிமானம் என்றதும் ஓடைக்கரை இடிந்து விழுவதுதான் நினைவுக்கு வரும். ஆனால் அரிமானம் தொடங்குவது ஓடையில் அல்ல, மழைத்துளியில். கனமழையின் பெரிய துளி மணிக்கு ஏறக்குறைய 30 கிலோ மீட்டர் வேகத்தில் வந்து தரையில் மோதுகிறது. வெறும் மண்ணில் விழுந்தால் மண்கட்டியைச் சிதறடித்து, மண் துகளை இரண்டடி உயரத்துக்கும் ஐந்தடி தூரத்துக்கும் தெறிக்கச் செய்யும். பெருமழைக்கு மறுநாள் பருத்திச் செடியின் அடியிலைகளில் ஒட்டியிருக்கும் சேற்றைப் பார்த்தால் இது விளங்கும்.

சிதறிய நுண்துகள் மண்ணின் கண்களை அடைத்துவிடுகிறது. நீர் உள்ளே இறங்க வழியின்றி மேலே ஓடுகிறது. முதலில் நிலம் முழுவதும் மெல்லிய படலமாக ஓடி, பார்வைக்குத் தெரியாமல் மேல்மண்ணைச் சீவுகிறது. பிறகு கோடு கோடாகச் சேர்ந்து சிறு வாய்க்கால்களாகிறது. உழுதால் இவை மறைந்துவிடும், நாமும் மறந்துவிடுவோம். கவனிக்காமல் விட்டால் இவையே ஆழமான ஓடைகளாகி, ஒரு புஞ்சையை இரண்டு துண்டாக்கும்.

ஓடும் நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தாக்கும் சக்தி நான்கு மடங்காகிறது. அது உருட்டக்கூடிய கல்லின் எடையோ 64 மடங்காகிறது. ஆகவே அரிமானத்தைத் தடுப்பது என்றால், நீரை அடியோடு மறிப்பது என்று பொருளல்ல. ஓடும் நீரை நடக்க வைப்பது, நடக்கும் நீரை மண்ணில் இறங்க வைப்பது என்றே பொருள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய கணக்கு

ஒரு ஏக்கரில் ஒரு மில்லி மீட்டர் கனத்துக்கு மண் போனால் அது ஏறத்தாழ 5 டன். ஐந்து மாட்டு வண்டி மண் என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து வண்டி மண்ணை ஒருவர் இரவில் அள்ளிப் போனால் ஊரே கூடிவிடும். அதையே மழை அள்ளிப் போனால் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு மில்லி மீட்டர் என்பது நகத்தின் கனத்தைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான்.

நம் நாட்டில் ஆண்டுதோறும் சராசரியாக ஹெக்டேருக்கு 16.4 டன் மண் அரிக்கப்படுவதாக, துருவநாராயணா, ராம்பாபு ஆகிய விஞ்ஞானிகள் 1983-ல் கணக்கிட்டு வெளியிட்டார்கள். அதாவது ஏக்கருக்கு ஆறரை டன். அதில் 29 சதவீதம் கடலில் சேர்கிறது; 10 சதவீதம் நீர்த்தேக்கங்களில் படிகிறது; மீதி 61 சதவீதம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு இடம் மாறுகிறது.

உங்கள் நிலத்தின் கணக்கை நீங்களே பார்க்கலாம். பலத்த மழையின்போது புஞ்சையின் தாழ்ந்த மூலையிலிருந்து வெளியேறும் நீரைக் கலக்கமாகவே ஒரு லிட்டர் பாட்டிலில் பிடியுங்கள். இரண்டு மூன்று நாள் அசையாமல் வைத்தால் மண் அடியில் படியும். மேல்நீரை மெல்ல வடித்துவிட்டு, படிந்ததை வெயிலில் உலர்த்தி, மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். 10 கிராம் இருந்தால் என்ன பொருள்? ஒரு ஏக்கரிலிருந்து ஓர் அங்குல நீர் வெளியேறினால் அது சுமார் ஒரு இலட்சம் லிட்டர். அந்த நீரோடு ஒரு டன் மண்ணும் போய்விட்டது என்று பொருள்.

போவது வெறும் மண் அல்ல

நீர் முதலில் எடுத்துச் செல்வது இலேசான பொருளைத்தான். மக்கிய எருவும் நுண்ணிய களியும் முதலில் போகும். மணலும் சரளையும் பின்தங்கும். நீங்கள் போட்ட தொழு உரமும் மணிச்சத்தும் இந்த நுண்துகள்களோடு ஒட்டிக்கொண்டே வெளியேறுகின்றன. நிலத்தின் பாலில் ஏடு மட்டும் எடுபட்டுவிடுகிறது.

அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. நமது வட்டாரத்தில் ஆண்டு மழை ஏறத்தாழ 700 மில்லி மீட்டர். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடும். மார்கழியிலும் தையிலும் சோளம் பால் பிடிப்பதும் பருத்தி காய் திரள்வதும் மண்ணில் தங்கிய ஈரத்தைக் கொண்டுதான். நல்ல கரிசல் மண் பத்து சென்டி மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 15 மில்லி மீட்டர் அளவு நீரைப் பயிருக்கென்று பிடித்து வைக்கும். சோளப் பயிர் நாளொன்றுக்கு 4 முதல் 5 மில்லி மீட்டர் நீர் குடிக்கும். அரை முழம் மண் இருக்கும் புஞ்சையில் பத்து சென்டி மீட்டர் போய்விட்டால், பயிர் தாக்குப்பிடிக்கும் நாட்களில் மூன்று நான்கு நாட்கள் குறைகின்றன. கடைசி மழை தவறிய ஆண்டில், கதிர் நிறைவதும் சாவியாவதும் அந்த நான்கு நாட்களில்தான் இருக்கிறது.

போன மண் எங்கே போகிறது? நம் ஓடைகள் நிட்சேப நதி முதலிய சிற்றாறுகளில் சேர்ந்து, வைப்பாற்றின் வழியே மன்னார் வளைகுடாவை அடைகின்றன. போகும் வழியில் கண்மாய்களை மேடாக்குகின்றன. புஞ்சைக்காரர் இழந்த மண், நஞ்சைக்காரரின் தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் குடியேறிவிடுகிறது. ஒரே அரிமானத்தால் இருவருக்கும் நஷ்டம்.

காற்றும் இதில் பங்குதாரர்தான். திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துச் செந்தேரிகள் காற்று குவித்த மணல் மேடுகளே. அமெரிக்காவில் 1930-களில், புல்வெளியை வகைதொகையின்றி உழுத பூமியில் மழை பொய்த்ததும் மண் புழுதிப் புயலாகக் கிளம்பியது. 1934 மே மாதத்தில் அந்தப் புழுதி நூற்றுக்கணக்கான மைல் கடந்து வாஷிங்டன், நியூயார்க் நகரங்களின் வானத்தை மறைத்தது. இலட்சக்கணக்கானோர் நிலத்தை விட்டு வெளியேறினார்கள். அதன் பிறகே 1935-ல் அந்நாட்டில் மண் பாதுகாப்புக்கென்று சட்டம் வந்தது.

கரிசலில் ஆபத்தான காலம் எது?

கரிசல் வெடித்துக் கிடக்கும்போது பெய்யும் முதல் மழையை வெடிப்புகள் வாங்கிக்கொள்கின்றன. ஓரிரு மழையில் மண் உப்பி வெடிப்பு மூடிவிட்டால், அதன் பிறகு நீர் மிக மெதுவாகவே இறங்கும். அடுத்த பெருமழை ஓடத்தான் செய்யும். அந்த நேரத்தில் பயிர் சிறு நாற்றாக இருந்து தரை வெறுமையாகக் கிடந்தால் சேதம் அதிகம். ஆகவே ஐப்பசி நடுவுக்குள் தரையில் பச்சை மூடாக்கு இருக்க வேண்டும் என்பதே நமது குறி.

என்ன செய்யலாம்?

1. கோடை உழவைச் சரிவுக்குக் குறுக்கே செய்யுங்கள். "சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்" என்பது அனுபவ வாக்கு. மேலிருந்து கீழாக உழுத ஒவ்வொரு சாலும் நாமே வெட்டிக் கொடுத்த வாய்க்கால். குறுக்கே உழுத சால் ஒவ்வொன்றும் ஒரு சிறு வரப்பு. மட்டம் தெரியாவிட்டால், கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயைக் கொண்டே சம உயரக் கோட்டைக் குறித்துக்கொள்ளலாம்.

2. மண்ணை மாவாக்காதீர்கள். ரோட்டவேட்டரை இரண்டு மூன்று முறை ஓட்டிப் பொடியாக்கிய நிலம் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஆடிக்காற்றில் பறப்பதும், முதல் மழையில் மேலோடு கட்டிக்கொள்வதும் அந்த நிலம்தான். கோடையில் கட்டி கட்டியாகக் கிடப்பதே நல்லது.

3. சரிவு மிகக் குறைந்த கரிசலில் பகுதிப் பாத்தி கட்டுங்கள். பருவமழைக்கு முன் உழவு முடிந்ததும், 8 மீட்டருக்கு 5 மீட்டர் அளவில் ஒரு சாண் உயரத்துக்கு வரப்பெடுத்தால், பெய்த மழை பெய்த இடத்திலேயே இறங்கும். நீர் தேங்கும் புஞ்சையில் 120 சென்டி மீட்டர் அகலப் பாத்தியும் அதன் அருகே 30 சென்டி மீட்டர் சாலுமாக அமைக்கலாம். பயிர் பாத்தியில் இருக்கும். மிகை நீர் சாலில் மெல்ல வடியும். 1901-ல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் மானாவாரிக் கரிசலுக்கென்றே இத்தகைய முறைகளை ஆராய்ந்து பரிந்துரைத்து வருகிறது. நேரில் சென்று பார்த்து வருவது நல்லது.

4. வரப்பை மண்ணறிந்து போடுங்கள். செவலில் சம உயர வரப்பு நன்கு பயன்படும். ஆழமான கரிசலில் அதே வரப்பைப் போட்டு நீரை முழுவதும் மறித்தால், கோடையில் வரப்பே வெடித்து, மழையில் அந்த வெடிப்பு வழியாக உடைத்துக்கொள்ளும். உடைந்த வரப்பு, வரப்பே இல்லாததைவிட அதிக மண்ணை இழுத்துச் செல்லும். கரிசலுக்கு இலேசான வாட்டம் கொடுத்த வரப்பும், முடிவில் புல் வளர்த்த வடிகாலும் வேண்டும். வரப்பின் மேல் கொழுக்கட்டைப் புல்லோ வெட்டிவேரோ நட்டால் வரப்பும் நிற்கும், மாட்டுக்குத் தீவனமும் கிடைக்கும்.

5. காலத்தில் விதைத்துத் தரையை மூடுங்கள். செப்டம்பர் இரண்டாம் பாதியில், மழைக்கு முன்பே புழுதியில் விதைத்த சோளம், ஐப்பசிப் பெருமழைக்குள் தரையைப் பிடித்துக்கொள்ளும். சிறு தூறலுக்கு முளைத்து ஏமாறாதிருக்க விதை 5 சென்டி மீட்டர் ஆழத்தில் விழ வேண்டும். பருத்தியைத் தனியாக விடாமல் உளுந்தை ஊடுபயிராக விதையுங்கள். பருத்தி படரும் வரை உளுந்து மண்ணுக்குக் குடை பிடிக்கும். கைச்செலவுக்குப் பணமும் தரும்.

6. ஓடையை அதன் தலையில் மறியுங்கள். ஓடை அகலமான பிறகு தடுப்பணை கட்டுவது பெருஞ்செலவு. அது தொடங்கும் இடத்தில், பொறுக்கிய அதே கற்களை அடுக்கியோ, முள்ளும் கழியும் கொண்டு பின்னியோ இரண்டு அடி உயரத் தடுப்புகளை வரிசையாக அமைத்தால் போதும். நீர் வடிந்து மண் பின்னால் தங்கும். கல் முளைத்த புஞ்சைக்குக் கல்லே காவலாகும்.

7. தாழ்ந்த மூலையில் பண்ணைக் குட்டை அமையுங்கள். ஓடி வந்த நீரும் அதோடு வந்த மண்ணும் உங்கள் எல்லைக்குள் நிற்கும். தை மாதத்தில் ஒரே ஒரு உயிர்த் தண்ணீர் கிடைத்தாலும் மகசூல் தப்பும். பண்ணைக் குட்டைக்கும் மண் பாதுகாப்பு வேலைகளுக்கும் உள்ள உதவிகளை வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டறியலாம்.

போன மண்ணைத் திருப்பிக் கொண்டுவரலாமா?

ஓரளவு கொண்டுவரலாம். கண்மாயில் படிந்த வண்டல் நமது மேல்மண்தான். கோடையில் கண்மாய் வற்றியதும் வண்டல் அடித்துப் புஞ்சையில் பரப்புவது நம் முன்னோர் கண்ட முறை. விவசாயத்துக்கு வண்டல் எடுக்க 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறத் தமிழக அரசு வழி செய்துள்ளது. செவலுக்கும் மணற்பாங்கான நிலத்துக்கும் வண்டல் மிகவும் ஏற்றது. ஏற்கெனவே களி மிகுந்த கரிசலுக்கு அளவறிந்தே இட வேண்டும். முதலில் வண்டலைப் பரிசோதனைக்குக் கொடுத்து, உப்பும் களர்த்தன்மையும் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். கரையை ஒட்டித் தோண்டாதீர்கள். கண்மாய்க் கரை பலவீனமாகிவிடும்.

ஆனால் வண்டல் அடிப்பது, ஓட்டைப் பானையில் மறுபடி நீர் ஊற்றுவது போன்றது. ஓட்டையை அடைக்காமல் ஊற்றிப் பயனில்லை. ஒருவர் மட்டும் வரப்புப் போட்டு, மேல்புஞ்சைக்காரர் போடாவிட்டால், மேலே இருந்து வரும் வெள்ளம் கீழ்வரப்பை உடைத்துவிடும். ஒரே ஓடையில் நீர் வடிக்கும் புஞ்சைக்காரர்கள் எல்லோரும் புரட்டாசிக்கு முன் ஒரு நாள் கூடி, மேலிருந்து கீழாக நடந்து பார்த்து, எங்கே நீர் வேகமெடுக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். வேலையை மேல்கோடியிலிருந்து தொடங்க வேண்டும்.

பாறை சிதைவதை நம்மால் விரைவுபடுத்த முடியாது. மழையைப் பெய்யாதே என்று சொல்லவும் முடியாது. விழுந்த துளியை நிலத்தில் எப்படி நடத்துவது என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது. வருகிற ஐப்பசியில் ஓடையில் தண்ணீர் பெருகும்போது, எவ்வளவு போகிறது என்று மட்டும் பார்க்காமல், என்ன நிறத்தில் போகிறது என்றும் பாருங்கள். செம்மையாகவோ கருமையாகவோ கலங்கிப் போனால் அது உங்கள் புஞ்சை. தெளிந்து போனால், உங்கள் நிலம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.